தாய்மாமன் வெளியிட்ட பங்குச் சந்தை அறிவிப்பு

ரகசியத்தை உளறிக் கெட்டவர்கள் உலகத்தில் ஏராளம். பெரும்பாலோர் காதோடு காதாக உளறியவர்கள். என் ரகசியம் அப்படிச் சில்லறையாக வெளியாகவில்லை. முழு வண்ணத்தில், என் புகைப்படத்தோடு, முத்தையாபுரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு மாடி உயரத்துக்கு வெளியானது. அந்த வகையில் இந்தியக் கம்பெனிகளின் சரித்திரத்தில் எனக்குத் தனி இடம் உண்டு என்று இன்றும் நம்புகிறேன்.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கம்பெனியில் நிதித் துறைத் துணைப் பொது மேலாளர். துறைமுகத்துக்கு வருகிற சரக்கை இறக்கி, கிடங்கில் அடுக்கி, லாரியில் ஏற்றி அனுப்புகிற கம்பெனி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதாவது யார் வேண்டுமானாலும் அதன் பங்கை வாங்கலாம், விற்கலாம். அதனால் உள்ளே நடக்கிற பெரிய சங்கதி எதுவானாலும் முதலில் பங்குச் சந்தைக்குத்தான் அறிவிக்க வேண்டும், வீட்டுக்கும் ஊருக்கும் பிறகுதான். இந்த விதியை ஊழியர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லித் தந்ததே நான்தான். "கட்டின புருஷன் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது" என்று மேஜையைத் தட்டிச் சொல்வேன். பலமாகக் கைதட்டுவார்கள். (வகுப்பு முடிந்ததும் சமோசா உண்டு என்பதால் தட்டினார்கள் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.)

அந்த வருடம் கம்பெனியில் ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. கிடங்குகள் கட்டுவதற்காக உள்ளூரில் கிளை வைத்திருந்த ஒரு வங்கியில் கூடுதல் வட்டிக்குப் பெருங்கடன் வாங்கியிருந்தோம். அதைவிடக் குறைந்த வட்டிக்கு ஒரு சிங்கப்பூர் வங்கியில் கடன் வாங்கி, பழையதை ஒரேயடியாக அடைத்துவிடுவது என்று திட்டம். பேச்சுவார்த்தை முழுக்க என் பொறுப்பு. பழைய வங்கிக்குக் கடைசி நேரத்தில்தான் சொல்வதாக ஏற்பாடு. முன்கூட்டியே தெரிந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடங்குப் பத்திரங்களைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பார்கள்.

இந்த வேலையில் எனக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. எங்களைப் போன்ற கம்பெனிகளில் மேல்மட்ட அதிகாரிகளுக்குச் சம்பளத்தோடு ஈசாப் என்று ஒன்று தருவார்கள். இன்றைய விலைக்கே கம்பெனிப் பங்கைச் சில வருடம் கழித்து வாங்கிக்கொள்ளும் உரிமை. அதற்குள் பங்கு ஏறியிருந்தால் யோகம். இறங்கியிருந்தால் கையில் மிஞ்சுவது ஒரு தாள். எனக்குத் தந்த ஈசாப்பில் ஒரு நிபந்தனையும் இருந்தது: கடன் மாற்றம் ஒழுங்காக முடிந்தால்தான் உரிமை கைக்கு வரும். முடிந்தால் பங்கும் கிடைக்கும், ஓய்வுபெறப் போகிற தலைமை நிதி அதிகாரியின் நாற்காலியும் கிடைக்கும். சொதப்பினால் இரண்டும் போச்சு. நான் சொதப்புவேன் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை. அந்த அறையில் திரைச்சீலை என்ன நிறத்தில் போடுவது என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தேன்.

இனி தங்கப்பழம் மாமா. என் அம்மாவின் அண்ணன். முத்தையாபுரத்தில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கையில் பிடித்துப் பார்க்க முடியாத எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பங்குச் சந்தையில் இல்லை, இன்சூரன்ஸில் இல்லை, வானிலை அறிக்கையில் இல்லை. அவருக்கு முழு நம்பிக்கை உள்ள ஒரே நிறுவனம் பக்கத்துக் கடை பிளெக்ஸ் பேனர் அச்சகம். தாய்மாமன் சீர் என்றால் மற்றவர்கள் தட்டு வரிசை கொண்டு வருவார்கள். இவர் அதோடு பேனரும் கொண்டு வருவார். நான் பத்தாம் வகுப்பு தேறியதற்குப் பேனர். கல்யாணத்துக்கு மூன்று முக்குகளில் பேனர். என் மகள் பிறந்தபோது, அவளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே, 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' என்று பேனர். இப்படிப்பட்டவர் காதில் போய் ஒரு நல்ல செய்தியைப் போடலாமா? போட்டேன்.

ஓட்டப்பிடாரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் மாமா. கூட்டத்தில் யாரோ என் வேலையைப் பற்றி விசாரிக்க, மாமா குரலை உயர்த்தினார்.

"ஏளா செல்வி, ஒங்க கம்பெனியில சம்பளத்துக்குப் பதிலா தாளக் குடுக்கானுவளாமே? மெய்யா?"

பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் கூட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தாள் இல்ல மாமா. பங்கு. கம்பெனியில நானும் ஒரு பங்குதாரர் ஆவேன்."

"சரி, பழைய பேப்பர்காரன்ட்ட எடைக்குப் போட்டா எவ்வளவு தேறும்?"

மறுபடியும் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. நான் யார், எத்தனை பேருக்கு வகுப்பெடுத்தவள், என்னைப் போய் எடைக்குப் போடுகிறாரே என்ற ஆத்திரத்தில் கை கழுவியதும் மாமாவை வேப்பமரத்தடிக்கு ஓரங்கட்டினேன். பழைய கடன், புதுக் கடன், சிங்கப்பூர் வங்கி, வட்டிக் குறைப்பு, பங்கு ஏறப்போவது, என் நாற்காலி, எல்லாவற்றையும் சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினேன். வகுப்பில்கூட அவ்வளவு தெளிவாக நான் பேசியதில்லை. மாமா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ ஒங்க முதலாளி கட்டுத வட்டிய நீ கொறச்சுக் குடுக்க?"

"ஆமா மாமா."

"நீ ஒருத்தியாவா?"

"நான்தான்." (எட்டுப் பேர் கொண்ட குழு. அந்த வேப்பமரத்தடியில் மற்ற ஏழு பேரும் என் நினைவுக்கு வரவில்லை.)

அப்புறம்தான் எனக்கு நான் எடுத்த வகுப்பு ஞாபகம் வந்தது. "மாமா, இது வெளிய தெரிஞ்சா என் வேலைக்கே வேட்டு. யார்ட்டயும் சொல்லிராதீய."

"நான் ஏம்ளா சொல்லுதேன்? என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது."

மாமா சொன்ன சொல் தவறாதவர். கடைசிவரை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

சிங்கப்பூர் வங்கியிலிருந்து இரண்டு அதிகாரிகள் கையெழுத்துப் போட வந்த நாள். ஒருவர் மும்பை அலுவலகத்தின் கடன் பிரிவுத் தலைவி, சிரிப்பதற்குத் தனியாகச் சம்பளம் கேட்பவர் போல இருந்தார். இன்னொருவர் வழுக்கைத் தலை, தங்கப் பிரேம் கண்ணாடி, அதிகம் பேசாதவர். வாகைக்குளம் விமான நிலையத்தில் பூச்செண்டு கொடுத்து வரவேற்றேன். அன்று மதியம் கையெழுத்து. கையெழுத்தான கையோடு சந்தைக்கு அறிவிப்பு. அதற்கு முன் கடனுக்கு ஈடாக வருகிற கிடங்குகளை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். கிடங்குகள் முத்தையாபுரத்துக்கு அந்தப் பக்கம். பட்டுச் சேலையும் பெருமையுமாக முன் இருக்கையில் உட்கார்ந்து, வழியெல்லாம் உப்பளங்களைக் காட்டிக்கொண்டு வந்தேன்.

முத்தையாபுரத்தில் துறைமுகம் போகிற லாரிகள் வழக்கம்போல் வரிசையாக நின்றன. எங்கள் காரும் நின்றது. பின்னால் இருந்து தலைவி ஆங்கிலத்தில் கேட்டார்: "அது எங்கள் வங்கியின் சின்னம்தானே?"

நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் நான் இருந்தேன். என் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த முகம், யாரோ ஒரு பெண்ணின் கோட்டுப் போட்ட உடம்பில் ஒட்டப்பட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது. வலது தோளுக்கு மேல் எங்கள் கம்பெனிச் சின்னம். இடது தோளுக்கு மேல் சிங்கப்பூர் வங்கியின் சின்னம், இணையத்திலிருந்து இறக்கியது. பின்னணியில் ஒரு கப்பல், இரண்டு சிங்கம். கீழே வரிசையாக உறவுக்காரக் குழந்தைகள், கறுப்புக் கண்ணாடியோடு. நடுவில் எழுத்துகள்:

'வட்டியை விரட்டிய வீரமங்கையே! பழைய வங்கிக் கடனைத் தூக்கி எறிந்து, சிங்கப்பூர் வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று, கம்பெனிப் பங்குகளைப் பரிசாய் அள்ளப்போகும் எங்கள் குலவிளக்கே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம். இவண், தாய்மாமன் தங்கப்பழம் மற்றும் ஆட்டோ நிறுத்த நண்பர்கள்.'

(வாழ்த்த வயதில்லாத மாமாவுக்கு அப்போது அறுபத்தைந்து வயது.)

அந்தக் காலத்துச் செல்வி சாமானியப்பட்டவளா? தலைவியைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சமும் அசராமல், "எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு இப்படி வாழ்த்துவது வழக்கம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "வட்டியை விரட்டிய வீரமங்கையே" என்று சுத்தமான தமிழில் வாய்விட்டுப் படித்தார். தாம் கும்பகோணத்துக்காரர் என்பதை அவர் அதுவரை சொல்லியிருக்கவில்லை. முழுவதையும் படித்து, வரி வரியாகத் தலைவிக்கு மொழிபெயர்த்தார். 'குலவிளக்கு' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார்.

அதே நேரத்தில் எம்.டி.யிடமிருந்து போன். "செல்வி, பழைய பேங்க் மேனேஜர் லைன்ல வந்தார். காலையில பஸ் ஸ்டாப்புல ஏதோ பேனர் பார்த்தாராம். அவங்க கடனை நாம தூக்கி எறிஞ்சுட்டோமாமே? நீ எங்க இருக்கே?"

"பேனருக்குக் கீழ சார்" என்றேன்.

"அதை இறக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

கார்க் கதவைத் திறந்து இறங்குவதற்குள் மாமா கடையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். முகமெல்லாம் பல். அவர் பின்னால் ஆட்டோ நிறுத்த நண்பர்கள்.

"வாளா வா! ஒன்னயத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். இவ்வொதான் சிங்கப்பூர்க்காரவுகளா?"

"மாமா, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீய? யார்ட்டயும் சொல்லாதீயன்னு சொன்னேம்லா!"

"நான் யார்ட்டளா சொன்னேன்? நீயே இவுகள்ட்ட கேளு, நான் வாயத் தொறந்தேனான்னு. பேனர்தான வச்சேன்?"

ஆட்டோ நண்பர்கள் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். "அண்ணாச்சி ஒண்ணுமே சொல்லலக்கா. நாங்க படிச்சுத்தான் தெரிஞ்சிக்கிட்டோம்."

நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் மாமா கார்க் கதவைத் திறந்து இரண்டு அதிகாரிகளையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். எங்கிருந்தோ இரண்டு பொன்னாடை வந்தது. போர்த்திவிட்டார். ஆளுக்கு ஒரு பன்னீர் சோடா வந்தது. ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். தெருமுனையில் பத்தாயிரம் வாலா சரம் ஒன்று வெடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் லாரிக்காரர்கள் எல்லாரும் இறங்கி வந்து பேனரைப் படித்தார்கள். பங்குச் சந்தைக்கு முறையான அறிவிப்பு போக இன்னும் சில மணி நேரம் இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாமாவின் கடையிலேயே ஏணியையும் கத்தியையும் எடுத்தேன். பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். கீழே மாமா, "விழுந்துராதளா! ரெண்டு நாளைக்கு வச்சிருப்போம்ளா, கலர் நல்லா வந்துருக்கு!" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்தேன். அப்படியே மறு பக்கத்தையும் அறுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பக்கம் அறுந்த பேனரைக் கடற்காற்று சும்மா விடுமா? அது தானாகவே பிய்த்துக்கொண்டு கிளம்பி, கம்பெனிக் காரின் மேல் போய் பானட்டிலிருந்து டிக்கிவரை போர்த்திக்கொண்டது. டிரைவர் உள்ளே இருந்தார். வெளியே, பானட்டின் மேல், கைகளைக் கட்டிக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏணியின் உச்சியில் கத்தியோடு இருந்த நானோ அழுதுகொண்டிருந்தேன். அந்த நிமிடம் என் வேலை, பங்கு, நாற்காலி எல்லாம் போய்விட்டது என்றே எனக்குத் தோன்றியது.

அன்று கையெழுத்து நடக்கவில்லை. கம்பெனி அவசர அவசரமாகச் சந்தைக்கு அறிவிப்பு அனுப்பியது: கடன் மாற்றம் தொடர்பாகப் பேச்சு நடக்கிறது, தகவல் 'எதிர்பாராத வழியில்' வெளியானது என்று. எதிர்பாராத வழியின் பெயர் தங்கப்பழம் என்பதை நல்லவேளையாகக் குறிப்பிடவில்லை.

இதற்குள் பழைய வங்கி மேனேஜர் ரோஷத்தோடு நேரே எம்.டி. அறைக்கு வந்துவிட்டார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்களே குறைச்சிருப்போமே சார்" என்று அங்கேயே புது வட்டி விகிதம் சொன்னார். இதைக் கேள்விப்பட்ட மும்பைத் தலைவி, தாம் சொன்னதிலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தார். ஒரு வாரத்தில் சிங்கப்பூர் வங்கியோடு கையெழுத்தானது, நாங்கள் கேட்டதைவிடக் குறைந்த வட்டிக்கு. ஆறு மாதம் நான் பேசிப் பேசி இறக்க முடியாத வட்டியை மாமா ஒரே பேனரில் இறக்கியிருந்தார். இதற்காக அவர்மேல் எனக்கு வந்த கோபம் முந்தைய கோபத்தைவிட அதிகம்.

ஆனால் விதி விதிதான். சந்தைக்குச் சொல்லாத தகவல் கசிந்தால் விசாரணை நடத்தியே தீர வேண்டும். விசாரிக்க வந்தவர், எங்கள் இயக்குநர் குழுவில் வெளியாளாகச் சென்னையில் இருந்த சுயேச்சை இயக்குநர், கண்டிப்புக்குப் பேர்போன ஒரு அம்மா. அவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள நினைத்தது ஒன்றுதான்: உள்தகவலை வைத்து என் சொந்தக்காரர் யாராவது பங்கு வாங்கி லாபம் பார்த்தார்களா? பார்த்திருந்தால் என் வேலை அன்றோடு முடிந்தது. விவகாரம் கோர்ட்டு வரைக்கும் போகும். மாமாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க மருமகள் சொன்னதுக்கு அப்புறம் இந்தக் கம்பெனிப் பங்கு எத்தனை வாங்கினீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நானா? அந்தத் தாளையா? நான் எதுக்கும்மா வாங்குதேன்?"

"விலை ஏறப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். வாங்கியிருந்தா நல்ல லாபம். ஏன் வாங்கலை?"

மாமாவுக்குக் கேள்வியே புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது ஏறட்டும், எறங்கட்டும். எனக்கென்னம்மா? எம் மருமவ பேரு ஊருக்குள்ள ஏறணும். கையில இருந்தத அதுக்குத்தான் செலவழிச்சேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "என் அனுபவத்தில் உள்தகவல் கிடைத்து, அதில் சொந்தக் காசை இழந்த ஒரே ஆள் இவர்தான்" என்று கம்பெனிச் செயலாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தியில் என்னைக் கேலி செய்த மனிதருக்கு என்னைப் பற்றி இவ்வளவு பெருமையா என்று அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். பேனரை அறுத்த நாளிலிருந்து அவரோடு பேசாமல் இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

தீர்ப்பு: வேலை தப்பியது. அந்த வருட ஈசாப் முழுவதும் ரத்து. நாற்காலி ஓராண்டு தள்ளிப் போனது. வகுப்பெடுப்பதிலிருந்து எனக்கு நிரந்தர ஓய்வு. வெளியே வந்து மாமாவிடம் சொன்னேன், பங்கு போய்விட்டது என்று.

"போனா போகட்டும்ளா. தாள்தான?" என்றார் மாமா, ஆறுதலாக.

மறு வருடம் நாற்காலி வந்தது. தலைமை நிதி அதிகாரி நியமனத்தையும் சந்தைக்கு அறிவித்தாக வேண்டும். இந்தத் தடவை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, அம்மாவிடம்கூட. அறிவிப்பு சந்தையின் இணையத்தளத்தில் ஏறிய பிறகுதான் அறையை விட்டு வெளியே வந்தேன். சாயங்காலம் முத்தையாபுரம் வழியாக வீட்டுக்குத் திரும்பினால், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, அதே சிங்கங்களோடு, முன்னைவிடப் பெரிதாக நான். முந்தின வாரமே மாமா யூகித்துவிட்டாராம். (எம்.டி. நேரில் போய் அவர் கடையில் பெயிண்ட் வாங்கினாராம். வேறென்ன காரணம் இருக்க முடியும் என்கிறார் மாமா.) பேனரை அடித்துக் கடைக்குப் பின்னால் சுருட்டி வைத்து, என் கணவருக்கு மணிக்கொரு தரம் போன் போட்டு, "ஏத்தலாமா மாப்ளே? அங்கன சொல்லியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சந்தையில் அறிவிப்பு வந்த பிறகுதான் கயிற்றைக் கட்டியிருக்கிறார். பேனரின் அடியில், ஆட்டோ நிறுத்த நண்பர்களுக்கும் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி: 'பங்குச் சந்தைக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது.'

அந்த வரி இன்றுவரை எங்கள் குடும்பத்தை விடவில்லை. கல்யாணம், கிரகப்பிரவேசம், பிளஸ் டூ தேர்ச்சி, எது நடந்தாலும் மாமாவின் பேனரில் கடைசி வரி அதுதான். போன மாதம் அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. மூன்று முக்குகளில் பேனர். அந்தக் குழந்தை மொட்டைத் தலையோடு அழுகிற படத்துக்குக் கீழேயும், பங்குச் சந்தைக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டிருந்தது.